விரல் நுழையும் இடைவெளி

"அந்தச் சக்கரத்தை எனக்குக் காட்டுங்க சார்."

அவள் கேட்டேவிட்டாள். ஸ்டேஷனில் வாயைத் திறக்காதே, சக்கரத்தைப் பற்றி மூச்சுகூட விடாதே என்று சித்தப்பா வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். இப்போது பக்கத்து நாற்காலியில் தொண்டையைச் செருமினார்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "எதுக்கு?"

"அதை வச்சுத்தானே எங்கண்ணனை உள்ள உக்கார வச்சிருக்கீங்க?"

"எங்க குடும்பத்துல முதல் டிகிரி சார். அதான் வாய் கொஞ்சம் நீளம்" என்று சித்தப்பா சிரித்தார்.

மதியம் இரண்டரை மணி. முந்தைய நாள் காலை, மலைப்பாதையின் நாலாவது வளைவில் ஒருவர் சைக்கிளோடு உருண்டார். மலையுச்சியில் எடுத்த வாடகை சைக்கிள். கடை சித்தப்பாவுடையது, மெக்கானிக் அண்ணன். விழுந்தவர் இன்னும் கண் திறக்கவில்லை. திறக்காமலே போனால் அண்ணன் கதி அதோகதிதான். போன வாரம் சாப்பிடும்போது, "அந்த முன் டயர் தேஞ்சு நூல் தெரியுது சித்தப்பா" என்று அவன் சொன்னதும், சித்தப்பா காது கேட்காதவர்போல் கை கழுவப் போனதும் அவளுக்கு நினைவிருந்தது.

இன்ஸ்பெக்டர் அவளை மட்டும் பின்னறைக்குக் கூட்டிப்போனார். அங்கே சைக்கிள் சுவரோரம் சாய்ந்திருந்தது. முன்சக்கரம் மட்டும் கழற்றி மேஜைமேல். தடித்த டயர் உலோக வளையமான ரிம்மை விட்டுப் பாதி நழுவித் தொங்கியது.

"ரிம்முல 559, டயர்ல 584. உள்வட்டத்தோட மில்லிமீட்டர் கணக்கு. ரெண்டும் ஒண்ணா இருக்கணுமாம், வேற கடைக்காரரை வச்சுப் பாத்தோம். தப்பான டயர் கழண்டுச்சு, ஆள் விழுந்தார். இதுல என்ன பாக்கப்போற?"

லீவு நாளெல்லாம் கடையில் டயர் அடுக்கிய கை அவளுடையது. டயரை ரிம்மின்மேல் தள்ளி ஏற்றினாள்.

"சார், இந்தச் சந்துல உங்க விரலை விடுங்க."

விட்டார். தாராளமாக நுழைந்தது.

"இது காத்தே பிடிக்காது. நாலு சுத்து தாங்காது. உச்சியிலேருந்து அந்த வளைவு எவ்ளோ தூரம்?"

"மூணு கிலோமீட்டர்."

"அவ்ளோ தூரம் இது எப்படி வந்துச்சு?"

அவள் டயரின் நடுப்பகுதியைத் திருப்பிக் காட்டினாள். மயிரிழைபோல ரப்பர் நுனிகள் சிலிர்த்து நின்றன.

"புது டயர் வார்ப்பு அச்சுலேருந்து வரும்போது இருக்கற முடி. கொஞ்சம் ஓடினாலே நடுவுல தேஞ்சிடும். இது ரோட்டையே பாக்கல சார்."

இன்ஸ்பெக்டர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "அப்போ விழுந்ததுக்கு அப்புறம் மாட்டியிருக்காங்க."

"அப்போ எங்கண்ணன் எங்க இருந்தான்?"

"ஆம்புலன்ஸ்ல கூடவே போனான். ஆஸ்பத்திரிலதான் பிடிச்சோம்."

"சைக்கிள்?"

அவர் கதவைப் பார்த்தார். "உங்க சித்தப்பா வேன்ல ஏத்திக் கடைக்குக் கொண்டுபோனார். அங்கேருந்துதான் எடுத்தோம்."

அவள் பயந்தது இந்தப் பதிலுக்குத்தான்.

சித்தப்பா உள்ளே அழைக்கப்பட்டார். இன்ஸ்பெக்டர் சாதாரணமாகக் கேட்டார். "இந்தப் பின் டயரையும் மாத்தணும்னா என்ன சைஸ் வாங்கணும்? முதலாளி, உங்களுக்குத் தெரியாததா?"

பின் டயர் சேறு காய்ந்து, எழுத்து எதுவும் தெரியாமல் இருந்தது. சித்தப்பா சாவிக்கொத்தில் தொங்கிய அளவு டேப்பை இழுத்து, டயரின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்குப் பிடித்தார். "இருபத்தேழே கால் இஞ்சு. இருபத்தேழரை எடுத்தா சரியா இருக்கும்."

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் சேற்றைத் துடைத்தார். இருபத்தாறு. பக்கத்திலேயே சின்னதாக 559.

"இருபத்தேழரைன்னு விக்கறதுதான் இந்த 584. தடி டயரை வெளியில வச்சு அளந்தா ஒரு இஞ்சுக்கு மேல கூடும் சித்தப்பா" என்றாள். "அண்ணன் டேப்பைத் தொடவே மாட்டான், நம்பரைத்தான் பாப்பான். அந்தக் கடையில இப்படி அளக்கறது நீங்க ஒருத்தர்தான். நூல் தெரிஞ்ச டயராலதான் அவர் விழுந்தார்ங்கறதை மறைக்க, அதைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டப் பாத்தீங்க. அது உக்காரல. போலீஸ் வந்துட்டாங்க. சரி, பழி அவன்மேல போகட்டும்னு சும்மா இருந்துட்டீங்க."

சித்தப்பா நெற்றியைத் துடைத்தார். அவளை மட்டும் பார்த்தார். "கடைக்குக் கெட்ட பேர் வரக்கூடாதுன்னுதான் செஞ்சேன். அவனை வெளிய எடுக்க வக்கீல் பாத்துட்டேன். உனக்கென்ன அவசரம்?"

"அவன் ராத்திரி பூரா லாக்கப்புல உக்காந்திருந்தான்."

"நீங்க இருக்கற மாடி யாரோடதுன்னு ஞாபகம் இருக்கா? உங்கம்மா எங்க படுப்பா?"

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "நீ சொன்னதை வாக்குமூலமா எழுதித் தர்றியாம்மா? தந்தா திரும்ப வாங்க முடியாது."

எழுதினாள். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, "உங்கண்ணனை விடச் சொல்றேன்" என்றார். பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள்.

"குடும்பத்தைத் தெருவுல நிறுத்திட்டு எங்கடி போற?"

"அண்ணனைக் கூட்டிட்டு அம்மாகிட்ட. காலையிலேயே மூட்டை கட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

கதவைத் திறந்து வெளியே நடந்தாள்.