இடக்கைச் சட்டை

வாய் நிறையக் குண்டூசியை வைத்துக்கொண்டு பேசத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் இரண்டே பேர். ஒருவர் கோட்டைத் தையற்காரர். இன்னொருத்தி அவருடைய பத்து வயது மகள். அவளை எல்லோரும் குண்டூசி என்றே கூப்பிட்டார்கள். ஆளும் அப்படித்தான் இருப்பாள்.

அது வாளும் குதிரையுமாக இருந்த காலம். கோட்டைக் காவலர்களுக்குப் புதுச் சட்டை தைக்கும் வேலை தலைக்கு மேல் கிடந்தது. காவலர்கள் வாளைக் கழற்றித் தையல் கடை மேசைமேல் வைத்துவிட்டு வரிசையாக வந்தார்கள். நாடா தைக்காத சட்டையைப் போட்டு, முன்பக்கத்தை ஒன்றின்மேல் ஒன்றாக மூடிப் பிடித்தார்கள். நாடா வரவேண்டிய இடத்தில் குண்டூசி சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள்.

கதவருகே காவல் தலைவர் நின்றார். சிரிக்கவே தெரியாதவர் என்று பேர் வாங்கியவர். அவர் திரும்பிப் பார்த்தாலே காவலர்கள் விறைத்து நிற்பார்கள்.

கடைசியாக வந்தவன் அன்று காலையில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மீசை முளைக்காத ஒல்லி ஆள். முதல் சம்பளம் வந்ததும் ஊரிலிருந்து அம்மாவையும் தங்கைகளையும் அழைத்து வரப்போவதாகக் குண்டூசியிடம் சொன்னான். அப்பா இல்லையாம். இந்த வேலையை விட்டால் வேறு கதியில்லையாம். பேச்சு மும்முரத்தில் சட்டையை மாட்டி மூடிப் பிடித்தான்.

குண்டூசியின் சுண்ணக்கட்டி பாதியில் நின்றது.

ஆண்கள் சட்டையில் இடப்பக்கம் மேலே வரும். பெண்கள் சட்டையில் வலப்பக்கம் மேலே வரும். சின்ன வயதிலிருந்து பழகிய கை யோசிக்காமலே மூடும். தூக்கத்தில்கூட மாறாது. இந்தக் கை வலப்பக்கத்தை மேலே போட்டிருந்தது.

குண்டூசி நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகம் வெளிறிப் போயிருந்தது. அண்ணன் இல்லை, அக்கா. கோட்டைக் காவலில் பெண்களைச் சேர்ப்பதில்லை. வேஷம் தெரிந்தால் அன்றைக்கே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

பக்கத்தில் நின்ற காவலன் ஒருவன் அதைக் கவனித்துவிட்டான்.

"பாருங்கடா, பொம்பள மாதிரி மூடுறான்," என்று சிரித்தான்.

தலைவர் மெல்ல நடந்து வந்தார். ஏன் இப்படி மூடியிருக்கிறாய் என்று கேட்டார். அக்கா மூடிய விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

குண்டூசிக்குப் பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சட்டைக் கையில் குத்தினாள். யோசிக்க அந்த நேரம் போதும்.

"நான்தாங்க அப்படி மூடச் சொன்னேன். அண்ணன் இடக்கைக்காரர். இடது கையால வாளை உருவுறவங்களுக்கு வலப்பக்கம்தான் மேல வரணும். இல்லேன்னா வாளோட பிடி சட்டை விளிம்புல மாட்டிக்கும்."

"அது நியாயம்தாங்க," என்றார் தையற்காரர், ஊசிகளுக்கு நடுவிலிருந்து.

"எங்கே, உருவிக் காட்டு," என்றார் தலைவர்.

அக்கா மேசையிலிருந்த வாளை எடுத்தாள். வலக்கைக்காரர்கள் இடுப்பில் இடப்பக்கம் தொங்கவிடுவார்கள். அவள் வலப்பக்கம் மாட்டி, இடது கையால் உருவினாள். வாள் கோணலாக வந்தது. சிரித்த காவலன் காதைப் பொத்திக்கொண்டு பின்னால் குதித்தான்.

தலைவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னும் பழகணும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு அக்கா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சாப்பிடுவது, ஈட்டி பிடிப்பது, தலையைச் சொறிவது எல்லாமே இடது கையால்தான். பாதிச் சோறு தாடையில் போனது. "நல்லாக் காப்பாத்தினே போ," என்று குண்டூசியிடம் அலுத்துக்கொண்டாள். ஆனால் அம்மாவும் தங்கைகளும் ஊரிலிருந்து வந்தபோது, வாளை இடது கையால் சுழற்றிக் காட்டுமளவுக்குத் தேறியிருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் தலைவர் தனியாகக் கடைக்கு வந்தார். முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எனக்கும் ஒரு இடக்கைச் சட்டை வேணும்."

குண்டூசி அவர் இடுப்பைப் பார்த்தாள். வாள் இடப்பக்கம் தொங்கியது. வலக்கைக்காரர்தான், சந்தேகமே இல்லை.

"சின்ன வயசுல பழகின கை. இத்தனை வருஷமா மாத்தி மூடி மூடி அலுத்துப்போச்சும்மா," என்றார் தலைவர். அப்படிச் சொன்னபோது சிரித்தார். நன்றாகவே சிரிக்கத் தெரிந்திருந்தது.

குண்டூசி ஊசிகளை வாயில் போட்டுக்கொண்டாள். அளவுக் கயிற்றை எடுத்தாள்.

"அப்பா, இன்னொரு இடக்கைச் சட்டை," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.