பேசக்கூடாத அறை

கடல்விலங்கு மீட்பு நிலையத்தின் தடுப்பறையில் கிடந்த கடல்நாய்க் குட்டி, குழாய்வழியே மீன் கூழ் வயிற்றுக்குள் இறங்கியதும் தொண்டையைச் செருமியது. இருமல் இல்லை. கரையொதுங்கி வருகிற குட்டிகள் பாதி சளியோடுதான் வரும். அங்கே குட்டிகளுக்கு இரை ஊட்டும் வேலை அவளுக்கு; அந்த இருமலைத் தினமும் கேட்கிறவள். இது கூட்டத்தில் பேச எழுந்தவர் செய்கிற செருமல். செருமிவிட்டு, ஓயாமல் நீர் வழியும் அந்தப் பெரிய கறுப்புக் கண்களால் அவளை நிமிர்ந்து பார்த்தது, சொல்ல வந்ததைச் சொல்லலாமா என்று யோசிப்பதுபோல.

சொல்லவில்லை. அவள் குழாயைக் கழுவி மாட்டிவிட்டு, கிருமிநாசினித் தொட்டியில் பூட்ஸ் காலை நனைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தெருவில் அவளுக்கு 'மீன்வாடை' என்று பெயர். எந்தச் சோப்புப் போட்டாலும் போகாத வாடை. அவள் பேருந்தில் ஏறினால் ஜன்னல்கள் தாமாகத் திறந்துகொள்ளும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். புருஷன் இன்னொருத்தியோடு போய் ஒரு வருஷம் ஆகிறது. போனவனைக் கேள்வி கேட்க ஆளில்லை. இருக்கிறவளை விசாரிக்கத் தெருவே இருந்தது. எல்லோருக்கும் முன்வரிசையில் அவனுடைய அக்கா, அதாவது அவளது நாத்தனார்.

"நாயைக் குளிப்பாட்டவே உனக்கு நேரம் சரியா இருக்கு. புள்ளய என்கிட்ட குடுத்துடு."

"நாய் இல்ல அண்ணி, கடல்நாய்."

"பேர்லயே நாய் இருக்குல்ல? உனக்கு வேல போற அன்னிக்கு, புள்ளயும் என் வீட்டுக்கு வந்துடும். சொல்லிட்டேன்."

சொன்னதைச் செய்கிறவள். அதனால்தான் ஐந்து வயது மகளை எவர் வீட்டிலும் விடாமல், நிலையத்தை நடத்தும் மருத்துவர் கண்ணில் படாமல், அங்கே மீன் அறுக்கும் அறையில் ஒளித்து வைத்தாள். அங்கே வெளியாட்களுக்கு அனுமதி கிடையாது. அதைவிடப் பெரிய விதி, குட்டிகளின் காதில் மனிதக் குரல் விழக்கூடாது. குரலுக்குப் பழகிய குட்டியைக் கடலில் விட்டாலும் ஆளைத் தேடிக் கரைக்கே திரும்பிவிடும். எனவே எல்லோரும் ஊமைகளாக வேலை செய்தார்கள். மகளிடமும் அவள் உதட்டில் விரல் வைத்துக் காட்டியிருந்தாள். மகளுக்கோ தூக்கத்தில்கூட வாய் ஓயாது. மீன் அறைக்கும் தடுப்பறைக்கும் நடுச்சுவரின் அடியில், கழுவிய தண்ணீர் ஓடுவதற்கு ஒரு துளை உண்டு. நனைந்த தரையில் குப்புறப் படுத்து அந்தத் துளையில் வாயை வைத்துக் கதை பேசிக்கொண்டிருந்தவளை அவள் கையும் களவுமாகப் பிடித்தபோது, மறுபக்கம் ஈர மூச்சு ஒன்று துளையை அடைத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, அதுக்கு ஒண்ணுமே பேசத் தெரியல. பாவம். நான் சொல்லித் தரேன். அது எனக்கு அது பாஷை சொல்லித் தருது."

பிள்ளை விளையாட்டு என்று விட்டாள். அங்கேதான் பிசகினாள்.

செருமலுக்கு மறுநாள், குழாயைச் செருகக் குட்டியைத் துண்டில் சுற்றி முழங்கால்களுக்கிடையில் இறுக்கியபோது, அது மகளின் குரலில், மகளின் இழுவையோடு, "வேணாம்" என்றது.

கூழ் தரையில் சிதறியது. கதவுக்கு வெளியே மருத்துவரின் காலடி. அவளுக்கு முதலில் வந்த பயம், சொன்னால் வெட்கம், பேய்ப் பயமே அல்ல; வேலை போய்விடும் என்கிற பயம். இது அவரெதிரே வாயைத் திறந்தால் அடுத்த நொடியே குழந்தை எங்கே என்று தேடுவார். குட்டியின் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டோடு அழுத்திப் பிடித்தாள். தேவைக்கு மேலேயே அழுத்தினாள். அது திமிறவில்லை. துண்டுக்குள் பொறுமையாக இருந்தது.

மருத்துவர் அவளை வெளியே அழைத்து, அடித்தொண்டையில் சீறினார். "இந்தக் குட்டி கத்தறதே இல்லயே, ஏன்? மத்ததெல்லாம் ஊரக் கூட்டுது. நீ ஏதாவது பேச்சுக் குடுக்கறியா?"

"எங்க வீட்லயே நான் பேசறது இல்லங்க."

"எடை ஏறினதும் அனுப்பிடலாம். அதுவரைக்கும் ஏதாவது தப்பு நடந்தா, அதோட சேத்து நீயும் வெளிய."

குட்டி கத்தாததன் காரணம் அன்று வீட்டில் தெரிந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு மகள் கழுத்தை நீட்டி, ஆட்டுக்குட்டிக்கும் கைக்குழந்தைக்கும் நடுவிலான ஒரு நீண்ட கதறலை எழுப்பினாள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "ஆடு வளக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் மகளை அதட்டியும் கெஞ்சியும் பார்த்தாள். தண்ணீர் என்ற சொல் மகளிடம் இல்லை. தேடினாள் பாவம், உதட்டை அசைத்து அசைத்துத் தேடினாள். கண்ணில் நீர் வழிந்தது, அழாமலே.

மறுநாள் தடுப்பறையில் குட்டி சொன்னது: "தண்ணி."

பிறகு நாளுக்கு நாள், மகளின் வாயில் காணாமல்போன சொல் தடுப்பறையில் கிடைத்தது. சோறு. செருப்பு. பயமா இருக்கு. நாத்தனாரும் மோப்பம் பிடித்துவிட்டாள். "என்னடி, புள்ள ஊமையாட்டம் முழிக்குது? நாளைக்கு நீ வேல செய்யற எடத்துக்கே வரேன். என்ன நடக்குதுன்னு நானே பாக்கறேன்."

அந்த வாரம் பின்புறத் திறந்த குளத்துக்கு வளர்ந்த பெண் கடல்நாய் ஒன்று வந்திருந்தது. கழுத்தில் வலை அறுத்து, சதைக்குள் புதைந்து, அறுத்தெடுத்த இடம் வாயைத் திறந்தாற்போல் சிவந்து கிடந்தது. மடியிலிருந்து பால் கசிந்துகொண்டே இருந்தது. அதன் குட்டி எங்கே போயிற்றோ. அருகே போனால் பல்லைக் காட்டும். இரை தொடாது. நிலையத்தில் எந்தக் குட்டி கத்தினாலும் திரும்பிப் பார்க்காது. மகள் ஒருமுறை ஜன்னலோரம் நின்று கதறியபோது மட்டும் தலையைத் தூக்கியது. அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

நாத்தனார் வருவதாகச் சொன்ன மதியம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மருத்துவர் வேறொரு கரையில் ஒதுங்கிய குட்டியைத் தூக்கிவர ஓட்டுநரோடு போயிருந்தார். மகளை வீட்டில் விட்டுவரவும் வழியில்லை, இங்கே காட்டவும் வழியில்லை. மீன் அறையில் உட்காரவைத்து வெளியே தாழ் போட்டாள். காற்று தகரக் கூரையைப் பிடித்து உலுக்கியது. மழை பக்கவாட்டில் அடித்தது. குட்டிகளுக்குச் சூடு தரும் விளக்குகள் இரண்டு முறை சிமிட்டி அணைந்தன. இருட்டில் மருந்து நெடியும் மீன் நெடியும் ஈர ரோம நெடியும் ஒன்றாகப் பிசைந்து தொண்டையில் ஒட்டின. தட்டுத்தடுமாறிக் குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் இருத்தினாள். அது இப்போது நன்றாகக் கனத்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் கனம். குழாயை உள்ளே விட்டாள்.

அப்போது கதறல் கேட்டது.

மடியில் இருந்ததன் வாயில் குழாய். மீன் அறையின் திசையும் அல்ல.

பின்புறம்.

குழாயை உருவி எறிந்துவிட்டு ஓடினாள். மீன் அறைக் கதவில் தாழ் போட்டபடியே இருந்தது. உள்ளே யாருமில்லை. மீன் கூடைகளைத் தள்ளிவிடும் திட்டிவாசலின் பலகை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு சின்னச் சட்டை மாட்டித் தொங்கியது.

குளத்தின் சரிவில் பெண் கடல்நாய் பக்கவாட்டில் படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டி, கால்களைச் சேர்த்து நீட்டிக்கொண்டு, மகள். உறிஞ்சும் சத்தம் மழையை மீறிக் கேட்டது.

"குட்டிம்மா. வாடா. அம்மாடா."

மகள் முகத்தைத் தூக்கினாள். மோவாயில் கெட்டியான பால். கண்கள் முழுக்கக் கறுப்பு. அம்மாவைப் பார்த்தாள். துண்டோடு வரும் எவளோ ஒருத்தியைப் பார்க்கிற பார்வை. பயந்தாள். கழுத்தை நீட்டிக் கதறினாள்.

அவள் பாய்ந்தாள். கை மகளின் தோளைத் தொட்டது. குளிர்ந்து, வழுக்கி, விரலுக்கு எதிராகக் குட்டை மயிர் சொரசொரத்தது. அடுத்து பற்கள். முழங்கைக்குக் கீழே, எலும்பு வரை. உதறியபோது சரிவில் ஆளில்லை. குளம் கொதித்து அடங்கியது. நடுவில் இரண்டு தலைகள் எழுந்தன. ஒன்றாக மூச்சு விட்டன. ஒன்றாக மூக்கை மூடிக்கொண்டு, ஒன்றாக இறங்கின.

வாசல் இரும்புக் கதவை யாரோ உலுக்கினார்கள்.

"ஏய்! யாரு உள்ள? எங்க வீட்டுப் புள்ள எங்கடி?"

நாத்தனார். குடையில்லாமல். சொன்னபடியே வந்துவிட்டாள்.

அவள் நடைவழியே வாசல் கதவுவரை வந்து வாயைத் திறந்தாள். என்னவென்று சொல்வது? குளத்தில் என்றா?

"அத்த!"

நடையின் இருட்டிலிருந்து வந்தது. தெளிவான குரல். மகள் மறந்த எல்லாச் சொற்களும் இருந்த குரல். "அத்த, வீட்டுக்குப் போலாம் அத்த. பசிக்குது."

"என் தங்கமே! பேசறியா? எங்கடா இருக்க? உங்கம்மா உன்ன இருட்டுல போட்டுட்டாளா?"

சொத். சொத். ஈரத் தரையில் வயிறு அறைகிற சத்தம். அவள் காலை உரசிக்கொண்டு கடந்தது. நின்றது. காத்திருந்தது.

கத்த வேண்டும். கதவு திறக்கக்கூடாது. இந்த இரண்டும் அவளுக்குத் தெரிந்தே இருந்தன. காயத்திலிருந்து இரத்தம் விரல்வழியே இறங்கித் தாழ்ப்பாளில் பட்டது. அப்போதுதான் பார்த்தாள். அவள் கை தாழ்ப்பாளின்மேல் இருந்தது.

கதவு திறந்தது.

நாத்தனார் மழைக்குக் கண்ணைச் சுருக்கி, குனிந்து, இரு கைகளையும் விரித்தாள். கறுப்பாக, ஈரமாக ஒன்று எழும்பி அவள் மார்பில் ஏறியது. அவள் முந்தானையால் அதை மூடிச் சுற்றி, முதுகில் தட்டினாள்.

"அடேயப்பா, என்னமா கனக்குற! இப்படியா ஒடம்பு ஜில்லுனு ஆக விடுவா?" நிமிர்ந்து இவளை ஒரு முறை முறைத்தாள். "இனிமே இந்தப் புள்ள மேல உனக்கு ஒரு பாத்தியதையும் இல்ல."

போய்விட்டாள். சாலையில் அவள் கொஞ்சிக்கொண்டே போவதும், தோளின்மேல் கிடந்த வழுவழுப்பான உருண்டைத் தலை ஒவ்வொன்றுக்கும் அழகாகப் பதில் சொல்லிக்கொண்டே போவதும் மழைக்குள் கரைகிற வரை கேட்டன. அந்தத் தலை இவள் பக்கமே திரும்பியிருந்தது. அதன் இரண்டு துடுப்புகளும் நாத்தனாரின் கழுத்தைச் சுற்றி ஒன்றையொன்று தேடிப் பிடித்து, மெதுவாக, இறுக்கின.