மேகம் என்று குறித்த கட்டம்

செயற்கைக்கோள் படத்தில் அந்த ஒரு கட்டம் இன்றைக்கும் தலைகீழாகத்தான் இருந்தது. நண்பகலில் காடு கரியமில வாயுவை உள்ளே இழுத்து நீராவியை வெளியே விட வேண்டும். சுற்றியிருந்த மரங்கள் ஒழுங்காக அதைத்தான் செய்தன. நடுவில் அந்தத் துண்டு நிலம் மட்டும் தண்ணீரை உறிஞ்சிக் கரியமில வாயுவை ஊதிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் படங்களைச் சரிபார்க்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இத்தனை நாளும் அதை 'மேகம்' என்று குறித்து அழித்துவிட்டு, அக்கம்பக்கத்துக் கட்டங்களின் சராசரியால் நிரப்பிவந்தாள். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் வானம் வெளுத்துக் கிடக்கிற மாதத்தில் ஏதம்மா மேகம் என்று மேலதிகாரி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அந்த எரிச்சலில், அங்கே காற்றை அளந்து படத்துக்கு எண் தரும் இரும்புக் கோபுரத்தின் மீட்டர்தான் பழுது என்று முடிவுகட்டி, அதைப் பராமரிக்கும் தன் கணவனைக் காலையில் விரட்டி அனுப்பினாள். காய்ச்சல் விட்டு எழுந்தவன். சாப்பிடக்கூட விடவில்லை.

ஏசியின் உறுமலும் சூடேறிய கணினியின் பிளாஸ்டிக் வாடையும் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, கோபுரத்தின் உச்சியிலிருந்து அவன் போனில் கூப்பிட்டான்.

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு." தொண்டை கரகரத்தது. "இலையைத் தொட்டா மாவா உதிருது. கொண்டுவந்த தண்ணியெல்லாம் குடிச்சுட்டேன், நாக்கு ஒட்டிக்குது."

சாக்குச் சொல்லாமல் மாற்றிவிட்டு வரச் சொல்லிச் சிடுசிடுத்தாள். சொல்லிக்கொண்டே, கோபுரத்திலிருந்து நேரடியாகத் திரைக்கு வரும் கரியமில வாயுவின் கோட்டைப் பார்த்தாள். ஏறியது. நின்றது. இறங்கியது. மறுபடி ஏறியது. பழுதான மீட்டர் இவ்வளவு சீராக ஏறி இறங்காது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"என்னங்க, இறங்கி வந்துடுங்க. இப்பவே."

"எங்க இறங்குறது? தரை மேல வருது. அப்புறம் கீழ போகுது."

ஏணி கிறீச்சிட்டது. காய்ந்த ஏதோ ஒன்று முறிந்தது. திரையில் ஈரப்பதக் கோடு சட்டென்று எழுந்தது. சின்னதாக. ஓர் ஆள் அளவுக்கு. உடனே சரிந்து அடியில் படுத்தது.

போன் துண்டிக்கப்படவில்லை. காதோடு அழுத்திக்கொண்டாள். மூச்சுச் சத்தம் கேட்டது.

இருக்கிறான். போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. தப்புதான், நான் அனுப்பியிருக்கக் கூடாது, ஒரு வார்த்தை பேசுங்க என்று கெஞ்சினாள்.

மூச்சு உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. மனித நெஞ்சு கொள்ளாத அளவு.

பிறகு மெல்ல வெளியே வந்தது.

திரையில், அதோடு சேர்ந்து, கரியமில வாயுவின் கோடு ஏறியது.