உள்ளே எத்தனை பேர்

திரையில் பூஜ்யம் வந்திருக்க வேண்டும். ஒன்று என்று வந்திருந்தது.

ஷீஜா நிரலை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினாள். உள்ளே: 1.

கொச்சங்காடியில் அந்தச் சுக்கு கோடவுனின் பின்பக்கம் ஒரு புகையறை. கப்பலேறும் மூட்டைகளை அதில் அடுக்கி, கதவு விளிம்பெல்லாம் டேப் ஒட்டி, வெளியே நிற்கும் சிலிண்டரிலிருந்து பூச்சிகொல்லி வாயுவைத் திறந்துவிடுவார்கள். உள்ளே ஆள் இருந்தால் பிழைக்க முடியாது. அதற்காகத்தான் முதலாளி கதவருகே கம்ப்யூட்டர் வைத்து, இயற்பியல் படித்துவிட்டுப் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றிருந்த ஷீஜாவை வேலைக்கு எடுத்தார். உள்ளே போகிறவர் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே வருகிறவர் இன்னொன்றை.

"திரையில பூஜ்யம் இருந்தா மட்டும் பூட்டுங்க மாமா. வேற எதையும் பாக்க வேண்டாம்" என்று காலையில்தான் ஆறுச்சாமியிடம் சொல்லியிருந்தாள். பல வருஷமாக அந்தக் கதவைப் பூட்டுகிறவர் அவர்.

"அப்போ எனக்கு எதுக்கு மோளே ரெண்டு கண்ணு? கழட்டி ஒங்கிட்ட தந்துரட்டா?"

மூன்று மணிக்கே கோடவுன் இருட்டிக் கிடந்தது. சுக்கின் காரம் மூக்கில் ஏற, நனைந்த சாக்கின் வாடை அதன் மேல் படர, தகரக் கூரையில் அறையும் மழைக்கு அடியில் எங்கோ சீராக ஒரு தட்டல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒழுகுகிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் எழுதிய பேக்கேஜ் ஒரு கோப்புறை. கதவுக்கு ஒரு கோப்பு, வாயுவுக்கு ஒரு கோப்பு. எந்தக் கோப்பை இம்போர்ட் செய்து வரவழைத்தாலும் பைத்தான் முதலில் அந்தக் கோப்புறையின் இனிட் கோப்பை ஓட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடும். அதுவும் நிரல் தொடங்கும்போது ஒரே தடவை. அதில் அவள் எழுதியிருந்தது ஒற்றை வரி: உள்ளே இருப்பவர் பூஜ்யம். திறந்து பார்த்தாள். பூஜ்யம்தான். பைத்தான் தானாக உண்டாக்கி வைத்திருந்த அதன் பழைய நகலையும் அழித்துவிட்டு ஓட்டினாள்.

உள்ளே: 1.

"உள்ள ஆரும் இருக்காங்களா மாமா?"

"நான்தான கடைசியா வெளிய வந்தேன். சுக்குக்குக் காலு மொளைச்சாத்தான் உண்டு" என்றார் ஆறுச்சாமி. "சாயா குடிச்சிட்டு வரேன். வந்ததும் பூட்டிரலாம்."

அந்த ஒன்றைக் கழிக்க ஒரு பொத்தான் போதும். ஆனால் நிஜமாகவே யாராவது இருந்தால்?

உள்ளே போவதற்கான பொத்தானை அமுக்கினாள். உள்ளே: 2. செல்போன் வெளிச்சத்தோடு உள்ளே நுழைந்தாள்.

கூரை வரை மூட்டைகள். தட்டல் இங்கே பக்கத்தில் கேட்டது. கடைசி அடுக்கின் பின்னால். போய்ப் பார்த்தாள். யாருமில்லை. தரை காய்ந்திருந்தது.

தட்டல் நின்றது.

கதவிடுக்கின் வெளிச்சம் ஒரு முறை அணைந்து திரும்பியது. கரண்ட் போய் வந்திருக்கிறது. வெளியே கம்ப்யூட்டர் உயிர்பெறும் ஓசை. கரண்ட் வந்ததும் நிரல் தானாக ஓடும்படி அவளேதான் அமைத்திருந்தாள். முதலிலிருந்து. இனிட் கோப்பிலிருந்து.

செருப்புச் சத்தம் நெருங்கியது.

"ஆ, பூஜ்யம் ஆயாச்சு. மோளு சரியாக்கிட்டுப் போயிட்டா."

கதவு சாத்திக்கொண்டது.

"மாமா."

அவள் குரல் எப்போதுமே சின்னது. மழை அதை விழுங்கியது. ஓடினாள். டேப் கிழிபடும் சத்தம். கதவின் மேலே. பக்கவாட்டில். கீழே இருந்த வெளிச்சக் கோடு குறுகியது. மறைந்தது.

இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள். தட்டினாள்.

அவருக்குக் கேட்டதா என்று கவனிக்கக் கையை நிறுத்தினாள்.

அவள் தோளுக்குப் பக்கத்தில், அதே கதவில், தட்டும் சத்தம் நிற்கவில்லை.