முறித்த கொடுக்கு

கூரையில் நண்டு ஊர்ந்தது. பனையோலையில் கொடுக்கு உரசும் அந்தச் சத்தம் சடையனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒல்லாந்தர் கோட்டைக்குப் பின்னால், சேறே இல்லாத இந்த நோயாளிக் கொட்டகையில், உச்சி வெயிலில், நண்டுக்கு என்ன வேலை? திருக்கை முள் குத்தி வீங்கிய அவன் தொடை, சாராயமும் சீழுமாக நாறியது. சத்தம் தூண் வழியாக இறங்கி, கட்டில் காலில் ஏறி, தொடையில் சுற்றிய துணிக்குள் போய் நின்றது.

"உள்ள பூந்துடுச்சி," என்றான்.

யாரும் திரும்பவில்லை. அவன் கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள்.

மனைவி பச்சையம்மா கஞ்சியோடு வந்தாள். காவலிருந்த அங்கமுத்து எழுந்தான்.

"அவுக்காதே தங்கச்சி. ஜன்னி இறங்கட்டும். நேத்து என் காதைக் கடிச்சிட்டான்."

"உன் காதுல இன்னா ருசி கண்டாரோ! கட்டிப் போட்டா கஞ்சி எப்டிண்ணே இறங்கும்?"

அங்கமுத்து சிரித்துக்கொண்டே வெளியே போனான். அவனும் அவர்களைப் போல நண்டு பிடிக்கிற பசியாவரத்து ஊர்க்காரன்; சந்தை நண்டைக் கட்டுகிற முடிச்சைத்தான் போட்டிருந்தான். தினமும் அதையே போடுகிறவள் பச்சையம்மா. நுனியை இழுத்தாள். அவிழ்ந்தது.

அப்போதுதான் சடையன் பார்த்தான். அவள் கழுத்தடியில் நண்டு. சேற்று நிறம். தோளில் இறங்கி, கை வழியாக, அவன் வாயை நோக்கி வந்தது.

"பச்சே, அசையாதே. உன்னைக் கொன்னுடும்."

"இன்னாய்யா..."

பின்பக்கமாகப் பிடித்தான். ஒரு கால் முறிந்தது. இன்னொன்று. பச்சையம்மா அலறினாள். அது அவளை விடவில்லை. கொடுக்கைத் திருகினான். முறித்தால் நண்டு சாகாது. தண்ணீரில் விட்டால் மறுபடி முளைக்கும். இதைச் சாகடிக்க வேண்டும். ஓட்டுக்கு அடியில், மெத்தென்ற இடத்தில், கட்டைவிரலைச் சொருகினான்.

சூடு. உப்பு வாடை.

அடங்கியது.

"புடிச்சிட்டேன் பச்சே. கூடையைக் கொண்டா."

யாரும் கொண்டுவரவில்லை.

முறிந்த கொடுக்கில் சிவப்புக் கண்ணாடி வளையல். அதற்கு மேலே முழங்கை. அதற்கும் மேலே பச்சையம்மாவின் வாய், திறந்தபடி. அவள் தொண்டைக் குழிக்குள் அவன் கட்டைவிரல்.

வெளியே அங்கமுத்து ஓடிவரும் சத்தம்.

சடையன் அவளை இழுத்தான். ஒடிந்த கையைக் கட்டிலடிப் பானைத் தண்ணீருக்குள் விட்டு அழுத்திப் பிடித்தான்.

"முளைச்சிடும்," என்றான். "முளைச்சிடும் பச்சே."

தண்ணீர் சிவந்தது. குனிந்து பார்த்தான்.

ஒரு விரல் நிமிர்ந்தது. பிறகு மற்ற நான்கும். பிறகு, வளையலுக்குக் கீழே, தோலைக் கிழித்துக்கொண்டு, ஆறாவதாக ஒன்று.