தேசிமரத்துக்குக் கட்டின துணி

நேற்றுப் பின்னேரம் குகனேஸ்வரி பனிக்கு எண்டு மரத்திலை துணி சுத்தி இறுக்கிக் கட்டின முடிச்சு காலமை அவிழ்ந்து கிடந்தது. அறுந்தும் போகேல்லை, காத்துக்குக் கழண்டதும் இல்லை. ஆரோ இருந்து நகத்தாலை நோண்டி நோண்டி அவிட்ட மாதிரி, துணியின்ர நுனியெல்லாம் நூல் நூலாய்ப் பிரிஞ்சு தொங்கிச்சுது.

ஒரு மரம் எண்டால் பரவாயில்லை. ஒன்பது தேசிமரமும்.

இத்தாலியின்ர தெற்கிலை, பலெர்மோவிலை உறைபனி எண்டுறது அருமை. ஆனால் அந்தத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு தை மாசக் கடைசியிலை ரிவியிலை அதுதான் ஒரே கதை. ஒரேத்தோ ஆத்துப் பக்கத்திலை இருந்த அந்தப் பழைய வீட்டிலை, வயசுபோன வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோராவைப் பாக்கிறதுக்கு எண்டு அவள் அஞ்சு வருசமாய் நிண்டவள். சிஞ்ஞோரா செத்து மூண்டு கிழமை. மகன் மிலானிலையிருந்து போன் எடுத்துச் சொல்லிப்போட்டார்: அம்மாவின்ர மரம் ஒண்டும் பட்டுப்போகக் கூடாது, நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு வந்து வேலைக் கடிதத்திலை கையெழுத்து வைக்கிறன் எண்டு. அந்தக் கடிதம் இல்லாட்டி, இந்த நாட்டிலை இருக்கிறதுக்குக் குடுக்கிற பேர்மெஸ்ஸோ புதுப்பிக்கேலாது. அது முடியிறது அடுத்த கிழமை.

மத்தியானம் புருசனுக்குப் போன் எடுத்தாள். கோபாலசிங்கம் பட்டணத்துக்குள்ளை, கால்சாவிலை ஒரு சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவுறவர்.

"இஞ்சாருங்கோ, மரத்துக்குக் கட்டினதெல்லாத்தையும் ஆரோ அவிட்டுப்போட்டாங்கள்."

"பூனையாயிருக்கும். நீர் கட்டுற முடிச்சு எனக்குத் தெரியாதே? கலியாணத்தண்டு வைச்ச கொண்டைமாலையே பாதி வழியிலை விழுந்தது."

அவள் சிரிக்கேல்லை.

"உங்களிட்டை ஒண்டு சொல்லேல்லையப்பா. சிஞ்ஞோரா செத்தண்டு, எங்கடை ஆக்களுக்குச் செய்யிற மாதிரி, கால் பெருவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டிப்போட்டன். கை தன்பாட்டிலை செய்திட்டுது. கால் குளிருது, கால் குளிருது எண்டே செத்த மனிசி. அதாலை கம்பளிச் சால்வையாலை காலைச் சுத்தியும் விட்டன்."

"பிறகு கொண்டுபோகேக்கை அவிட்டனீர்தானே?"

"நான் குசினியிலை வந்த ஆக்களுக்குக் கோப்பி போட்டுக்கொண்டு நிண்டன். வந்து பாக்க, கட்டோடையே பெட்டியை மூடிப்போட்டாங்கள்."

அந்தப் பக்கம் கோப்பையைக் கீழை வைக்கிற சத்தம் கேட்டுது.

"நீர் வெளிக்கிட்டு இஞ்சை வாரும்."

"நாளைக்குக் கையெழுத்து. மரமும் பட்டு, வீடும் பூட்டிக் கிடந்தால் அந்தாள் வைப்பாரே? ஒரு இரவுதானே."

பின்னேரம் முழுக்க வேலை. வெளிப்பைப்புக்குப் பழைய பேப்பரும் சாக்கும் சுத்தி, பூச்சட்டியெல்லாம் உள்ளுக்கை இழுத்து வைச்சு, சிஞ்ஞோராவின்ர வெள்ளைப் பெட்சீற்றை நாடா நாடாய்க் கிழிச்சு, ஒவ்வொரு மரமாய்ச் சுத்தி ரெட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டு போகேக்கை, கசங்கின தேசி இலை மணத்துக்குள்ளையும் தூரத்திலை ஆரோ எரிக்கிற ஒலிவ் விறகுப் புகைக்குள்ளையும், அந்தச் சீற்றிலையிருந்து சிஞ்ஞோராவின்ர முழங்காலுக்குப் பூசுற கற்பூர மருந்து மணம் வந்துகொண்டே இருந்தது. வேர் குளிரிலை சாகாமல் இருக்க எல்லா மரத்தடிக்கும் தண்ணி விட்டாள். மண் நல்லாய் நனைஞ்சு சேறாய்க் கிடந்தது.

கடைசி மரத்தடியிலை குனிஞ்சு நிக்கேக்கை பின்னாலை ஒரு சத்தம்.

தொப்.

தேசிக்காய் விழுந்ததாக்கும் எண்டு நினைச்சாள்.

தொப். கொஞ்சம் கிட்ட.

திரும்பிப் பாத்தாள். ஒருத்தரும் இல்லை. முதல் மரத்துத் துணி கழண்டு நிலத்திலை கிடந்தது. ரெண்டாவது மரத்துத் துணியும். சேத்திலை கால் அடையாளம். வெறுங்கால், சின்னக் கால். ரெண்டும் பக்கத்திலை பக்கத்திலை, பெருவிரலோடை பெருவிரல் ஒட்டினபடி. ஒரு முழம் தள்ளித் திரும்பவும் அதே சோடி. அதுக்கும் அங்காலை ஒரு சோடி. நடந்த அடையாளமில்லை.

துள்ளின அடையாளம்.

ஓடிவந்து, குசினிக்குப் பக்கத்திலை தான் படுக்கிற அறைக்குள்ளை பூந்து கதவைப் பூட்டினாள். குளிர் வராமல் இருக்க எண்டு எடுத்து வைச்ச பழந்துணியைக் கதவடியிலை அடைச்சாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தேவாரம் பாதியிலை மறந்துபோச்சு. எப்ப நித்திரையானாள் எண்டு தெரியாது.

முழிக்கேக்கை யன்னல் வெளிச்சிருந்தது. கண்ணாடி முழுக்க உறைபனி.

கதவடியிலை அடைச்ச துணி உள்ளுக்கை தள்ளுப்பட்டுக் கிடந்தது. நிலத்திலை ஈரம். சோடி சோடியாய். கதவிலையிருந்து கட்டில் வரைக்கும். கட்டிலடியிலை மட்டும் ஈரம் பெரிசாய்ப் பரவியிருந்தது. கனநேரம் நிண்ட மாதிரி.

எழும்பப் பாத்தாள். கால் வரேல்லை.

போர்வையை விலக்கினாள்.

காலிலை அந்தக் கம்பளிச் சால்வை. சாம்பல் நிறம். மண் ஒட்டினது. வடிவாய்ச் சுத்திக் கிடந்தது. பிரிச்சாள். உள்ளுக்கை வெள்ளை நாடா. ரெண்டு பெருவிரலும் சேர்த்து. இறுக்கி. அவள் போடுற அதே முடிச்சு.

நோண்டினாள். விரல் விறைச்சுப்போச்சு. நகத்துக்கு முடிச்சு அகப்படேல்லை.

குசினியிலை சத்தம்.

தொப் எண்டில்லை. ஒரு கால். மற்றக் கால். ஒரு கால். மற்றக் கால். ஆறுதலாய்.

அடுப்பு பத்துற சத்தம் கேட்டுது.

பிறகு கோப்பி மணம் வந்தது.