பூட்டிய வீட்டுக்கு இரண்டு இலை

சமையலறையில் எல்லாம் கைக்கு வாகாக இருந்தது. அது சரியில்லை என்று சந்திரம்மாளுக்கு உறைக்கவே ஒரு வாரம் ஆகிவிட்டது.

உப்பு ஜாடி அடுப்புக்கு இடப்பக்கம். கரண்டி மாட்டும் ஆணி இடப்பக்கச் சுவரில். தீப்பெட்டி, எண்ணெய்க் கிண்ணம், அஞ்சறைப் பெட்டி எல்லாமே இடப்பக்கம். அவள் பீச்சாங்கைக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் அந்தக் கையைப் பார்த்து முகம் சுளித்து, பந்தியில் பரிமாறவே விடமாட்டாள். இங்கிலாந்துக்கு, கவென்ட்ரிக்குப் போன பிறகுதான் அந்தக் கொடுமை விட்டது. அந்தக் குளிரில் எந்தக் கையால் குழம்பைக் கிண்டினாள் என்று யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் இது கவென்ட்ரி இல்லை. பதினைந்து வருஷமாக ஆள் குடியிருக்காமல் பூட்டிக் கிடந்த வீடு. தோசைத் திருப்பியைக் கழுவும்போதுதான் அதைக் கவனித்தாள். எல்லார் வீட்டிலும் இடது முனை தேயும். இதில் வலது முனை தேய்ந்து வளைந்திருந்தது. கவென்ட்ரியில் அவள் விட்டுவிட்டு வந்த திருப்பியும் அப்படித்தான் தேய்ந்திருக்கும். ஈரக்கையோடு அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். வாசலில் கணவர் அப்பாதுரை பால்காரனோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்.

அப்பாதுரைக்கு ஒரு வியாதி இருந்தது. வெளியூரில் பிழைத்துக் கிழமாகிற ஆண்களுக்கு வருகிற வியாதிதான். எழுபத்தொன்றில் கப்பலேறி, ஒரு கார் தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்டாகவே ஆயுளைக் கழித்தவர், ஒவ்வொரு பனிக்காலத்திலும் அடுத்த வருஷம் ஊருக்குப் போய்விடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொன்னதோடு நிற்காமல் எண்பத்தாறில் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, தம்பி பரசுராமனை வைத்து இந்த வீட்டைக் கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு லீவு கிடைக்கவில்லை. தம்பி செத்தபோதும் வரமுடியவில்லை. தம்பி பெண்டாட்டி திரௌபதி அடுத்த தெருவில் இருந்துகொண்டு சாவியை வைத்திருந்தாள்.

இப்போது ரிட்டயராகி, இரண்டாயிரத்தொன்றில் தீபம் முடிந்த கையோடு, குடிவரலாமா என்று பார்ப்பதற்காக வந்திருந்தார்கள். அவருக்கு இங்கேயே இருந்துவிட வேண்டும். அவளுக்கு முடியாது. ஒரே மகள் கீதாஞ்சலிக்கு அங்கே பிப்ரவரியில் பிரசவம். பிறக்கிற குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டப்போவது நான்தான் என்று சந்திரம்மாள் வாக்குக் கொடுத்திருந்தாள். பொங்கல் வரைக்கும் இருந்து பார்ப்பது, இரண்டு பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் இரண்டு பேருமே திரும்பிவிடுவது என்று பேச்சு. அவள் முதல் நாளே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். சொல்வதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

கூடத்தில் அவர்கள் இருவரின் படம் மாட்டியிருந்தது. கப்பலேறும் முன் திருவண்ணாமலை ஸ்டூடியோவில் எடுத்தது. அவளுக்கு இடுப்பு வரை பின்னல், அவருக்குச் சுருட்டை முடி. இரண்டு நெற்றியிலும் குங்குமம் வைத்து, மேலே காய்ந்த மாலை தொங்கியது. கீழே விளக்கு மாடம். சுவரில் கூரை வரைக்கும் கரி ஏறியிருந்தது. உயிரோடு இருக்கிறவர்களுக்கு மாலையா என்று அவள் கேட்டதற்கு, திரௌபதி பாசத்தில் போட்டிருப்பாள், விடு என்றார் அப்பாதுரை.

திருப்பியைப் பார்த்த மறுநாள் காலை கீரைக்காரி கேட்டுக்குள் எட்டிப் பார்த்து, அம்மா இல்லையா என்று கேட்டாள். நான்தான் அம்மா என்றாள் சந்திரம்மாள். கீரைக்காரி அவளுடைய கத்தரித்த நரை முடியையும் ஸ்வெட்டரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, அந்தச் சின்ன அம்மாதான் எப்போதும் முருங்கைக்கீரை வாங்கும், நீங்கள் அவங்க மாமியாரா என்று விசாரித்தாள். திரௌபதியைச் சொல்கிறாளாக்கும் என்று சந்திரம்மாள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். திரௌபதிக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது என்பது பிறகுதான் மண்டையில் ஏறியது.

அன்றிலிருந்து அவளுக்குக் காது நீண்டுவிட்டது. மாடியறையில் துணி மடிக்கும்போது கீழே கண்ணாடி வளையல் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம், கிணற்றடியில் யாரோ பாத்திரம் கவிழ்க்கும் சத்தம், அவள் படியிறங்கி வருவதற்குள் எல்லாம் அடங்கி, ஈரத் தரையும் மஞ்சளும் சீயக்காயும் கலந்த வாசனையும் மட்டும் மிஞ்சியிருக்கும். அவள் சீயக்காய் தேய்த்து வருஷக்கணக்காகிறது. குளியலறைச் சல்லடையில் முடி அடைத்துக்கொண்டது. கம்பியை விட்டு இழுத்தாள். வந்தது, வந்துகொண்டே இருந்தது, கன்னங்கரேலென்று, முழங்கை நீளத்துக்கும் மேலே, எண்ணெய்ப் பிசுக்கோடு. காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு வெகுநேரம் கையைக் கழுவினாள்.

அப்பாதுரையோ நாளுக்கு நாள் மினுமினுத்தார். மூட்டுவலி போன இடம் தெரியவில்லை. ஒரு மத்தியானம் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இந்தக் காரக்குழம்பை முப்பது வருஷமாக எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று கேட்டார். அவள் அன்று ரசமும் அப்பளமும்தான் செய்திருந்தாள். திரௌபதி கொடுத்தனுப்பினாளா என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். உன் கையாலேயே பரிமாறிவிட்டு இதென்ன விளையாட்டு என்றார். அவருடைய உதட்டோரம் குழம்பு சிவப்பாக ஒட்டியிருந்தது.

மார்கழிப் பௌர்ணமி அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு தோறும் சாயங்காலம் கீதாஞ்சலி போன் செய்வாள். இன்றைக்கு மகள் காதிலும் போட்டுவிடலாம் என்று நினைத்து, பகல் சாப்பாடு ஆனதும் சந்திரம்மாள் அவரிடம் விஷயத்தை எடுத்தாள். நாம் போய்விடலாம், எனக்கு இந்த வீடு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அவர் வெற்றிலை மடிப்பதை நிறுத்தினார்.

"நேத்து நீதானே சரின்ன."

"என்னான்னு?"

"இங்கயே இருந்துடலாம்னு. கெணத்தடில ஒக்காந்துக்குனு அவ்ளோ நேரம் பேசனமே, சந்திரா. எங்கயும் போவேணாங்கன்னு என் கையப் புடிச்சுக்குனு அழுத."

நேற்று முழுக்க அவள் தலைவலியோடு மாடியில் படுத்திருந்தாள். அதைச் சொன்னாள். அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு நேரே திரௌபதி வீட்டுக்கு நடந்தாள்.

திரௌபதி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் மறைக்கவில்லை. என்றைக்காவது கேட்பாள் என்று காத்திருந்தவள் போல முறத்தைக் கீழே வைத்தாள்.

"கிரகப்பிரவேசத்துக்கு நீங்க வரலன்னு உங்க படத்த மணையில ஒக்கார வெச்சுத்தான் எங்க வூட்டுக்காரரு பால் காச்சுனாரு. ஐயரு வேணாம்னாரு. உசுரோட இருக்கறவங்கள படமா ஒக்கார வெக்காதப்பான்னாரு. இவுரு கேக்கல."

வீடு இருட்டாகக் கிடக்கக்கூடாது என்று அந்தப் படத்துக்கு முன்னால் தினமும் விளக்கு வைத்திருக்கிறாள். அடுப்பு எரியாத வீடு ஆகாது என்று அமாவாசை தோறும் அங்கேயே சமைத்து, படத்துக்கு முன் இரண்டு இலை போட்டு, அக்கா வாங்க, மாமா வாங்க என்று உறவு சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்பாளாம். செத்தவர்களுக்குப் படைக்கிற முறை அது. இல்லாதவர்களுக்குச் சோறு போட எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே என்றாள்.

"ரெண்டு வருசம் போட்டது போட்டாப்புல இருந்துச்சு. மூணாவது வருசம் கதவத் தொறந்தா ஒரு இலை மடிச்சிருந்துச்சுக்கா. உங்களுது."

"அவரோடது?"

"மாமா இலை எப்பவும் அப்படியேதான் கெடக்கும். அவ பரிமாறிட்டு, அவுரு வருவாரு வருவாருன்னு பாத்துக்குனு ஒக்காந்திருப்பா போல."

பயந்துபோய் ஒரு மாதம் படைப்பதை நிறுத்திப் பார்த்தார்களாம். அந்த அமாவாசையன்று விளக்கு வைக்கிற வேளையில் படத்தில் இருக்கிறவளே திரௌபதி வீட்டு வாசலில் வந்து நின்றாள், பசிக்கிறது என்று. முதலில் பார்த்தது பரசுராமன்தான். அந்த மாதமே போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு திரௌபதி ஒரு அமாவாசை கூடத் தவறவிட்டதில்லை.

எங்களுக்கு ஏன் ஒரு வார்த்தை எழுதவில்லை என்று கேட்டாள் சந்திரம்மாள். இன்னான்னு எழுதுவது என்று திரௌபதி திருப்பிக் கேட்டாள். அவளை எப்படி அனுப்புவது, யாரைப் பார்ப்பது, என்ன செய்தால் போவாள் என்று சந்திரம்மாள் திரௌபதியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். திரௌபதி மெல்லக் கையை உருவிக்கொண்டு மறுபடி முறத்தை எடுத்தாள்.

"அவ எங்க போவா? அவ இங்கயேதான் இருந்தா. நீங்கதான் எப்பவோ போயிட்டீங்களேக்கா."

வெளியே வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மலைக்குப் பின்னால் வெளிச்சம் வடிந்து, பௌர்ணமிக் கூட்டம் பாதையை அடைத்துக்கொண்டு ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. வெறுங்கால்கள் தார்ச்சாலையில் உரசும் சத்தம், கற்பூரப் புகை, சுண்டல்காரன் மணி, யார் யாருடைய வியர்வையோ. அவள் எதிர்த்திசையில் நடக்க வேண்டியிருந்தது. தோள்கள் இடித்தன. ஒருவரும் விலகவில்லை, ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாஸ்போர்ட் பீரோவில் இருக்கிறது. அவரை இழுத்துக்கொண்டு, கிடைத்த காரைப் பிடித்து, ராத்திரிக்குள் மெட்ராஸ் போய்விட வேண்டும். துணிமணி கிடக்கட்டும். மகள் முகத்தைப் பார்த்தால் போதும்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

தட்டினாள். யாரும் வரவில்லை. பக்கத்து ஜன்னலுக்குப் போனாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

கூடத்தில் விளக்கு எரிந்தது. தரையில் இரண்டு இலை. ஒன்றின் முன் அப்பாதுரை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் குனிந்து ஒருத்தி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பு வரை பின்னல். கண்ணாடி வளையல். இடது கை.

சந்திரம்மாள் கத்தினாள். ஏங்க. நான்தாங்க. இங்கே பாருங்க.

அவர் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார்.

தெரிந்தது. அவருக்கு நன்றாகவே தெரிந்தது. தப்பு செய்யும்போது கீழுதட்டைக் கடிக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. கூடவே வாழ்ந்து கிழவியானவளுக்கு அது தெரியாதா? கடித்தார். பிறகு தலை குனிந்து, குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

போன் அடித்தது.

கீதா.

சந்திரம்மாள் கம்பியை உலுக்கினாள். எடுக்காதே. எடுக்காதே. பாதையில் யாரோ அரோகரா என்றார்கள்; கூட்டம் முழுக்க அரோகரா என்றது. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

உள்ளே இருந்தவள் போனை எடுத்தாள். பேசியது சந்திரம்மாளின் குரல். கப்பலேறும் முன் இருந்த குரல், இந்த ஊர்ப் பேச்சு மாறாமல்.

"அம்மாதான்டி பேசறேன். தொண்ட நல்லாத்தான் கீது, ஊரு தண்ணி. இல்ல கண்ணு, நாங்க அங்க வர்ல. நீ வா. பொறந்த ஒடனே எடுத்துக்குனு வந்துடு. நான் கால்ல போட்டுக் குளிப்பாட்றேன்."

அப்பாதுரை வாய் நிறையச் சோற்றோடு சிரித்தார். அந்தப் பக்கம் மகள் என்ன சொன்னாளோ, அவளும் சிரித்து, சரி சரி என்று தலையாட்டிவிட்டு போனை வைத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அங்கே ஒருத்தி இருப்பதாகவே எண்ணவில்லை. உள்ளே போய்த் திரும்பி வந்தாள். கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நுனியிலை. இரண்டு இலைக்கும் நடுவில் அதைப் போட்டாள். தண்ணீர் தெளித்தாள். ஒரு பிடி சோறு வைத்து, நெய் விட்டு, பல்லில்லாத வாய்க்கு ஆகிற பதத்தில், இடது கை விரல்களால் மெதுவாக மசிக்க ஆரம்பித்தாள்.